கரசூருக்கு வழி லண்டனில் கேளுங்கள்

கரசூர் எங்கே இருக்கிறது தெரியுமா?

பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பத்தாவது ஆள் நிலப் புரோக்கராக இருந்தால் உடனே சொல்லிவிடுவார்: "சேதராப்பட்டு பக்கத்துல, அந்த எஸ்.இ.இசட் லேண்ட் தானே சார்!" சரியான பதில்தான். புதுச்சேரி யூனியன் பிரதேசம், வில்லியனூர் கொம்யூன். 2000-களில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது, வேலை கொட்டப்போகிறது என்று சொல்லி கரசூரிலும் சேதராப்பட்டிலுமாக 700 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. நிலம் வருஷக்கணக்கில் முள் முளைத்துக் கிடந்தது.

இதே கேள்வியை லண்டனிலோ வியன்னாவிலோ இருக்கும் ஒரு புவியியல் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பாறை அடுக்குகளைப் படிக்கிறவராக இருந்தால் அவர் வேறு பதில் சொல்வார். பூமியில் டைனோசர்கள் அழிந்துபோன 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெரும் அழிவுக்குப் பிறகு, இங்கே கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைக்குப் பெயர் கரசூர் அடுக்கு. அதற்குக் கீழே, அழிவுக்கு முன்னால் படிந்த அடுக்குக்குப் பெயர் வழுதாவூர் அடுக்கு. வழுதாவூர் தமிழ்நாடு. கரசூர் புதுச்சேரி. நமக்கு அந்த எல்லைக்கோடு என்றால் பாட்டில் விலைதான் ஞாபகம் வரும். எந்தப் பக்கம் மலிவு என்பது எல்லாருக்கும் அத்துப்படி. அந்த வட்டாரத்து மண்ணுக்குள்ளேயே பூமியின் இரண்டு யுகங்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்?

கல்லும் மண்ணும் தோன்றுவதற்கு முன்பே தோன்றிய குடி என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். நல்லது. அப்புறம் தோன்றிய அந்தக் கல்லையும் மண்ணையும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் என்ன?

*

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1840-களில் மதராஸ் கம்பெனி சர்க்காரில் வேலை பார்த்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள். ஒருவர் பெயர் கேய், இன்னொருவர் கன்லிஃப். கல் பொறுக்குவது இவர்கள் உத்தியோகம் இல்லை, பொழுதுபோக்கு. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி மூன்று இடங்களிலும் கிடைத்த சிப்பி, நத்தை, சுருள் சுருளான கல்லுருக்களைச் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார்கள். யாருக்கு? அங்கே இருந்த புவியியல் சங்கத்துக்கு. 1807-ல் தொடங்கிய சங்கம் அது. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து அசந்துபோனார். அதுவரை யாரும் பார்க்காத உயிர்கள். அவர் எழுதிய விவர அறிக்கை 1846-ல் அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

புதிய உயிர் என்றால் பெயர் வைக்க வேண்டுமே? மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? தென்னிந்தியாவிலிருந்து வந்த சரக்கு என்பதால் நம் சாமி பெயர்களாகப் பார்த்து வைத்தார். இந்திரா, வருணா, கணேசா, சிவா, சூர்யா, எமா, பிரம்மா, துர்கா. எல்லாம் அம்மோனைட் என்ற கடல் பிராணியின் வகைகள். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தவை. உங்கள் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதற்குள் தெரியும் சக்கரம் இதே அம்மோனைட் குடும்பம்தான். அது நேபாளத்து கண்டகி நதியில் வருவது, இன்னும் பழசு. நேபாளத்திலிருந்து வந்தால் பெருமாள், பாலில் அபிஷேகம். சேதராப்பட்டு வயலில் கிடைத்தால் வரப்பு முட்டுக்கல்.

இந்த 'இந்திரா' வகை பிற்பாடு அண்டார்டிகாவில் கிடைத்தது, கனடாவில் கிடைத்தது, தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அங்கே எங்கே கிடைத்தாலும், 'இது இந்திராதானா?' என்று சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க ஒரு மூலப் பிரதி வேண்டும். அந்த மூலப் பிரதி புதுச்சேரியிலிருந்து போன கல். இருக்கும் இடம் லண்டன்.

ஃபோர்ப்ஸோடு நிற்கவில்லை. அதே காலத்தில் பாரிஸில் தோர்பினி என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரிக் கல்லுருக்களுக்கு விவரணை எழுதினார். 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு தென்னாற்காடு, திருச்சிப் பாறைகளை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா பக்கம் பக்கமாகப் படம் போட்டார். 1895-ல் வார்த் இந்தப் புதுச்சேரி அடுக்குகளை மட்டும் தனியாக ஆராய்ந்து எழுதினார். 1897-ல் வியன்னாக்காரர் காஸ்மாட். இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், ஆஸ்திரியாக்காரன், செக் நாட்டுக்காரன் எல்லாரும் வந்தாச்சு, எழுதியாச்சு. இந்தப் பட்டியலில் வில்லியனூர்க்காரன் ஒருத்தன் இருக்கிறானா? வண்டி ஓட்டியிருப்பான். மூட்டை தூக்கியிருப்பான். எந்த வயலில் கிடைக்கும் என்று கையைக் காட்டி விட்டிருப்பான். பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான் என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. அவன் எடுத்துப் போனதால்தான் அது பத்திரமாக இருக்கிறது. என் கோபம் அவன் மேல் இல்லை. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனது. அதற்கப்புறம் நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

*

'ஏன், நம்மிடம் சங்கம் இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறது. பெங்களூரில். இந்தியப் புவியியல் சங்கம் 1958-ல் ஆரம்பமானது. முதல் தலைவர் டி.என்.வாடியா. அதைத் தோளில் சுமந்தவர் பி.பி.ராதாகிருஷ்ணா, மைசூர் ராஜ்யத்தின் புவியியல் துறையில் இருந்தவர். 1959-லிருந்து பத்திரிகை நடத்துகிறார்கள். வருஷக்கணக்கில் ஆசிரியராக உட்கார்ந்து, வரி வரியாகத் திருத்தி, சந்தா சேர்த்து அதை உலகம் மதிக்கும் பத்திரிகையாக ஆக்கினார் ராதாகிருஷ்ணா. புதுச்சேரி வட்டாரத்துப் பாறை அடுக்குகளைப் பற்றி ராஜகோபாலன் எழுதிய, இன்றும் ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டும் கட்டுரை 1965-ல் அந்தப் பத்திரிகையில்தான் வந்தது. அவர்களை ஒரு குறையும் சொல்ல முடியாது.

புதுச்சேரியிலேயே காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புவி அறிவியல் துறை இருக்கிறது. 1955-லிருந்து பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. மகரந்தத் துகளை வைத்துப் பழைய காடுகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வு அங்கே பிரசித்தம். செமினார் நடக்கிறது. பை கொடுக்கிறார்கள், பேனா கொடுக்கிறார்கள், மதியம் சாப்பாடு போடுகிறார்கள். எல்லாம் இங்கிலீஷில். கரசூரில் ஆடு மேய்க்கிற பாட்டிக்குத் தன் காலடியில் இருப்பது என்னவென்று சொல்ல, ஆறு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிரசுரம் போட்டு ஊரில் விநியோகித்ததுண்டா? என் கண்ணில் பட்டதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பெங்களூர் சங்கம் வேறு, ஊர்ச் சங்கம் வேறு. 1858-ல் லண்டனில் இன்னொரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெரிய சங்கம் பெரிய மனுஷர்களுக்கு என்று ஆகிவிட்டதால், பொழுதுபோக்காகக் கல் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரிட்டனில் இன்று வட்டாரத்துக்கு வட்டாரம் அப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓய்வுபெற்ற வாத்தியாரும் பிளம்பரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை எதற்குச் சங்கம் கூடுகிறது என்று உங்களுக்கே தெரியும். நடிகர் மன்றம் இருக்கிறது. ஜாதிச் சங்கம் தெருவுக்கு ஒன்று. வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ மண்ணைப் பார்க்க ஒரு சங்கம் ஆரம்பிக்க யாருக்கும் தோன்றவில்லை.

*

'சோற்றுக்கே இல்லாதவனுக்குச் சிப்பி எதற்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். சிப்பியை விட்டுவிடுவோம். சோற்றைப் பற்றியே பேசுவோம். வாருங்கள் பாகூருக்கு.

பாகூர் புதுச்சேரியின் நெல் களஞ்சியம். ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணைத் தண்ணீரைச் சொர்ணாவூர் அணையிலிருந்து கொண்டு வருகிறது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். இது மேலே தெரியும் பாகூர். கீழே ஒரு பாகூர் இருக்கிறது.

1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் ஆர்ட்டீசியன் கிணறு தோண்டினார்கள். அதாவது ஆழத்தில் துளை போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வழியும். அப்படித் தோண்டும்போது பாகூரிலும் அரங்கனூரிலும் தண்ணீரோடு கறுப்பாக ஒன்று வந்தது. பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கறுப்பாக எதையோ பார்த்தார் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும், அது 1930-களில். பாகூர் அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. எப்படித் தெரிகிறது? தோண்டியவன் எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று எழுதி வைத்தான். அச்சில் போட்டான். அவ்வளவுதான் ரகசியம்.

மத்திய அரசின் நிலக்கரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். மாநிலவாரியாக எழுதியிருக்கும். புதுச்சேரிக்கும் ஒரு வரி உண்டு: 416.61 மில்லியன் டன். நம் கணக்கில் சுமார் 41 கோடியே 66 லட்சம் டன். எங்கே இருக்கிறது? பாகூர் பக்கத்து நெல்வயலுக்கு அடியில். பாகூர் விவசாயி ஒருவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். தன் ஏக்கருக்கு என்ன விலை போகும் என்று அவருக்குத் தெரியும். தன் ஏக்கருக்குக் கீழே இருப்பதை எந்த இலாகா எந்தக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறது என்று தெரியாது. நான் காமர்ஸ் படித்தவன். சொந்தச் சரக்கு எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரியாமல் வாங்க வருகிறவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்த வியாபாரம் எப்படி முடியும் என்று எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலே சொல்லலாம்.

பயமுறுத்தவில்லை. நாளைக் காலையில் பாகூரில் சுரங்கம் தோண்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2023-ல் டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விவசாயிகளுக்கு அது பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்தது. கூச்சல் போட்ட பிறகு எடுத்தார்கள். அதே வருஷம் ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில் நிற்கிற நெற்பயிர் மேலேயே மண்வாரி இயந்திரம் ஏறி வாய்க்கால் வெட்டியதையும் டி.வி.யில் பார்த்தோம். நிலம் கையகப்படுத்தியது எப்போது, பணம் வாங்கியது எப்போது என்று இரு தரப்பும் பேசின. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், முன்கூட்டியே விவரம் வைத்திருக்கும் ஊர் பேசும் பேச்சு வேறு, புல்டோசர் வந்த பிறகு ஓடும் ஊர் பேசும் பேச்சு வேறு.

யார் பேசுவது என்பதும் ஒரு கேள்வி. கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறதே என்பீர்கள். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். முப்பத்தெட்டு வருஷ இடைவெளி! அவர்கள் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு மறுபடியும் வருஷக்கணக்காக அதிகாரி ராஜ்யம். ஓட்டுப் போட்டு வந்த ஆளே இல்லாத ஊரில், மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஊர் சார்பில் ஒரு கடிதம் எழுதக்கூட லெட்டர்ஹெட் கிடையாது.

*

இப்போது தண்ணீர்.

தானாகப் பொங்கிய கிணறு இருந்த பூமியில் இன்று நூற்றுக்கணக்கான அடிக்குப் போர் போட்டு, மோட்டாரை உள்ளே இறக்கி உறிஞ்சுகிறோம். கிருமாம்பாக்கம், மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் என்று கடலோரம் போனால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்ற புகார். கடல் உள்ளே வருகிறது. ஏன் வருகிறது? மேலே வண்டல், அதற்குக் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே வானூர் பக்கத்துப் பழைய மணற்கல் என்று தண்ணீர் தாங்கும் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கடலை நோக்கிப் போகின்றன. நடுநடுவே களிமண் பாய் விரித்த மாதிரி. உள்ளே இருக்கும் நல்ல தண்ணீரின் அழுத்தம்தான் உப்புத் தண்ணீரை வெளியே தள்ளி நிறுத்தியிருக்கிறது. அதை நாம் உறிஞ்சிக் குறைத்தால் கடல் மரியாதையெல்லாம் பார்க்காது. எந்த வயலில் எந்த அடுக்கிலிருந்து எடுக்கிறோம், களிமண் பாய் எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரியாமல் இதற்கு வைத்தியம் பார்க்க முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தப் புதுச்சேரியில் 2002-லேயே சட்டம் வந்துவிட்டது. அனுமதி வாங்க வேண்டும், ஃபாரம் நிரப்ப வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆய்வுக் கிணறு தோண்டி அறிக்கை போடுகிறது. ஐரோப்பிய யூனியன் பணத்தில் 84 ஏரிகளைத் தூர்வாரினார்கள், சங்கம் எல்லாம் அமைத்தார்கள். இவ்வளவும் நடந்திருக்கிறது. இருந்தும் உங்கள் வீட்டு வாசலில் போர் வண்டி வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது?

முதலில் நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நடக்கிறார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டி, போர் போடுகிறார்கள். அடி அடியாக மண் வெளியே வருகிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் களி, கூழாங்கல், நொறுங்கிய சிப்பி, சில இடத்தில் கறுப்பு. போர்க்காரருக்கு அது கைரேகை மாதிரி. எண்பது அடியில் களி வந்தால் அதைத் தாண்டித் தண்ணீர் எங்கே வரும் என்று அவர் வாயாலேயே சொல்வார். முப்பது வருஷம் இந்தக் கொம்யூனில் போர் போட்டவர் தலைக்குள் இருக்கும் வரைபடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அந்த மண்ணை அப்படியே வாரித் தெருப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, அடிக்கு இவ்வளவு என்று காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார். ஒரு வரி எழுதுவதில்லை. நாமும் கேட்பதில்லை. 1880-களில் எழுதி வைத்தார்கள். நூற்றி நாற்பது வருஷம் கழித்து நாம் எழுதுவதில்லை. இது முன்னேற்றமா சார்?

பிரான்சில் பத்து மீட்டருக்கு மேல் ஆழமாக எந்தத் துளை போட்டாலும் சர்க்காரிடம் சொல்லியாக வேண்டும். சட்டம். அந்த விவரமெல்லாம் நிலத்தடித் தகவல் வங்கி என்று ஒன்றில் சேர்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவப்புத் தொப்பியைப் போலீசுக்கு இன்னும் மாட்டி வைத்திருக்கிறோம். தெருவுக்குத் தெரு 'ரூ' என்று போர்டு வைத்து டூரிஸ்டுக்குப் படம் காட்டுகிறோம். காப்பியடிக்க வேண்டியதை மட்டும் காப்பியடிக்கவில்லை.

*

ஆட்சேபணைகள் வரும். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்க்காரனுக்குத் தெரிந்தால் கல்லைப் பெயர்த்து விற்றுவிடுவான் என்பார்கள். படித்தவர்கள்தான் இதைச் சொல்வார்கள். சங்கராபரணி ஆற்றங்கரையில், வில்லியனூருக்கு மேலே, திருவக்கரை இருக்கிறது. கல்மரங்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பார்த்து எழுதிய இடம். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, புதைந்து, கல்லாகக் கிடக்கின்றன. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே கிடப்பதைச் சொல்லுங்கள். வெளியே கிடந்ததெல்லாம் எங்கே? கல்மரத் துண்டை வரவேற்பறையில் விளக்கு போட்டு வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவை குடிசைகள் இல்லை. வக்கிரகாளி கோயில் பக்கத்து ஊர் ஜனங்கள் அதை அசுரன் எலும்பு என்று சொல்லிப் பயபக்தியோடு தொடாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பயபக்தி காப்பாற்றிய அளவுக்கு எந்த சர்க்குலரும் காப்பாற்றவில்லை.

2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவியியல் பாரம்பரிய இடங்களைக் காப்பாற்ற ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் படித்துப் பாருங்கள். அதிகாரம் எல்லாம் ஆய்வுத் துறையின் கையில், இடத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை உட்பட. ஊருக்கு என்ன வேலை? அபராதம் கட்டுவது. மறுபடியும் வேலிதான். சங்கம் அல்ல.

இன்னொரு ஆபத்து உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். நம்மூரில் எந்தச் சங்கம் ஆரம்பித்தாலும் மூன்றாவது கூட்டத்தில் பொன்னாடை வந்துவிடும். நாலாவது கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து குமரிக்கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பார். அவரை உட்கார வைக்கத் தைரியம் உள்ள ஒரு பள்ளிக்கூட சயன்ஸ் டீச்சர் வேண்டும். டீச்சரம்மா என்றே சொல்கிறேன். லண்டன் சங்கம் 1807-ல் ஆரம்பித்தது, பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-ல். கடற்கரைப் பாறையில் தொங்கிக்கொண்டு கல்லுரு எடுத்து விற்றுப் பிழைத்த மேரி ஆனிங் என்ற தச்சர் வீட்டுப் பெண்ணிடம் அந்தக் கனவான்கள் கல்லை வாங்கினார்கள், கட்டுரை எழுதினார்கள், வாசலுக்குள் விடவில்லை. நம் சங்கத்தில் அப்படி வேண்டாம். நூறு நாள் வேலையில் ஏரி வெட்டிய பெண்களைவிட அதிகம் மண் பார்த்தவர் இந்தக் கொம்யூன்களில் யார்? ஆடு மேய்க்கிறவர், கிணறு வெட்டியவர், போர்க்காரர், செங்கல் சூளைக்காரர் எல்லாரும் முதல் வரிசை. பேராசிரியர் வரட்டும், தமிழில் பேசட்டும், கீழே உட்காரட்டும்.

பணம்? ஓராயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நிருபதுங்க பல்லவன் காலத்தில் இதே பாகூரில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்விச்சாலை இருந்தது. அதை நடத்த மூன்று கிராமங்களை எழுதி வைத்தார்கள். பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நான் மூன்று கிராமம் கேட்கவில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் அரசுப் பள்ளியில் ஆளுக்கொரு அறை, ஒரு பீரோ, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பீரோவில் சேதராப்பட்டுச் சிப்பி ஒரு தட்டு, திருவக்கரைக் கல்மரத்தின் படம் ஒரு தட்டு, ஊர் ஊராகப் போர் மண் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டி மற்ற தட்டுகள். லண்டனில் இருக்கும் இந்திராவைத் திருப்பிக் கேட்க வேண்டாம். அதன் அச்சுப் பிரதி ஒன்று கேட்டால் கொடுக்காமலா போவார்கள்? யாராவது கேட்டிருக்கிறோமா?

சர்க்காருக்கு வேலை ஒன்றே ஒன்று. போர் போட அனுமதி கொடுக்கும் ஃபாரத்தோடு இன்னொரு தாளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். இடம், எத்தனை அடியில் என்ன மண், எந்த அடியில் தண்ணீர், உப்பா நல்லதா. போர்க்காரர் கையெழுத்து. அந்தத் தாள் வந்தால்தான் மின் இணைப்பு என்று ஒரு வரி. மின் இணைப்பை நிறுத்தினால் நம் ஜனங்கள் எந்தத் தாளையும் அன்று சாயந்திரமே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

சர்க்கார் செய்யாது என்று நினைக்கிறவர்கள், அடுத்த தடவை உங்கள் தெருவுக்குப் போர் வண்டி வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டோடு போய் நில்லுங்கள். இரைச்சலில் காது கிழியும். பரவாயில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் போர்க்காரர் ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் மண் பெயரை அவரே சொல்வார்.